கொடுத்துப் பார்ப்பதும் சோதித்துப் பார்ப்பதும்

2021 ஏப்ரல் கடைசியில் தில்லி, லக்னோ, மும்பை, புனே என்று வடக்கிலும் மேற்கிலும் ஒரு பெயர் வாய்க்கு வாய் அடிபட்டது: டோசிலிசுமாப். மூட்டுவாத நோயாளிகளுக்காக வந்த ஊசி மருந்து. பெயரை ஒழுங்காக உச்சரிக்கத் தெரியாதவர்கள்கூட டாக்டரின் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார்கள். 400 மில்லிகிராம் ஊசி சுமார் 40,000 ரூபாய். அதுவும் கிடைத்தால்தான். கிடைக்காதவர்களுக்குக் கள்ளச் சந்தை இருந்தது. அங்கே விலை பல மடங்கு. குப்பிக்குள் இருப்பது மருந்துதானா என்பதற்கு உத்தரவாதமும் கிடையாது. நகைகள் அடகுக் கடைக்குப் போயின. எப்படியாவது ஒரு ஊசி கிடைத்துவிட்டால் அப்பா பிழைத்துவிடுவார் என்பதுதான் எல்லோருடைய நினைப்பும்.

அந்த ஊசி அப்பாவைப் பிழைக்கவைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று அவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டிருக்கும்? சொல்லியிருக்க முடியும். அதற்கான கணக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, அந்த வருடம் பிப்ரவரியில் வெளியாகியிருந்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்து, உடலில் அழற்சி மிகுந்த நோயாளிகளில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 100 பேரில் 33 பேர் இறந்தார்கள். ஊசியும் பெற்ற 100 பேரில் 29 பேர் இறந்தார்கள். அதாவது 25 பேருக்கு ஊசி போட்டால் ஒருவர் கூடுதலாகப் பிழைப்பார். இது சின்ன லாபம் அல்ல. ஆனால் வீட்டை விற்று வாங்கும் சஞ்சீவியும் அல்ல.

இந்தக் கணக்கைப் போட்டது பிரிட்டன். அந்த ஏப்ரலில் தினமும் உலகிலேயே அதிகமான புதிய நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நாடு இந்தியா. நாம் ஏன் இதைப் போடவில்லை? கொரோனாவை எல்லோரும் மறக்க விரும்பும் இந்த நேரத்தில்தான் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். அடுத்த தொற்று வந்த பிறகு கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது.

முதலில் மருந்தின் சமாச்சாரம். நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட வேண்டும் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கொரோனா காலத்தில் கஷாயப் பொடியிலிருந்து துத்தநாக மாத்திரை வரை விற்றது இந்த ஒரு வாக்கை வைத்துத்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறிக் கிடந்தவர்களுக்கு டாக்டர்கள் கொடுக்க நினைத்தது இதற்கு நேர் எதிரானது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து.

காரணம் இருந்தது. நோயின் முதல் வாரத்தில் உடம்பைப் படுத்துவது வைரஸ். இரண்டாவது வாரத்தில் சிலருக்குக் கதை மாறுகிறது. வைரஸ் அடங்கத் தொடங்கிய பிறகும் உடலின் காவல் படை ஓய்வதில்லை. ரத்த வெள்ளை அணுக்கள் ஒன்றுக்கொன்று அபாயச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. இன்டர்லூகின்-6 என்ற புரதம் அப்படிப்பட்ட ஒரு செய்தி. செய்தி கேட்டு மேலும் அணுக்கள் நுரையீரலுக்கு ஓடி வருகின்றன. ரத்தக் குழாய்கள் கசிகின்றன. காற்று இருக்க வேண்டிய கோடிக்கணக்கான நுண்ணறைகளில் நீர் நிறைகிறது. தீயணைக்க வந்தவர்கள் பீய்ச்சிய தண்ணீரிலேயே வீடு மூழ்குவது போல. டோசிலிசுமாப் இன்டர்லூகின்-6 போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடும். ஸ்டீராய்டு இன்னும் பரவலாக, பல செய்திகளை ஒரே நேரத்தில் அமுக்கும்.

கேட்க நியாயமாக இருக்கிறது அல்லவா? இப்போது எதிர்வாதத்தையும் கேளுங்கள். வைரஸ் இன்னும் உடம்பில் இருக்கும்போது காவல் படையைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? வைரஸ் கும்மாளமிடும். கூடவே பாக்டீரியாவும் பூஞ்சையும் உள்ளே புகும். இதுவும் நியாயம்தான். இந்தப் பயத்தால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரியில், ஆராய்ச்சிக்கு வெளியே கொரோனா நோயாளிகளுக்கு வழக்கமாக ஸ்டீராய்டு கொடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது.

இரண்டு நியாயமான வாதங்கள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. எவ்வளவு பெரிய டாக்டரானாலும் யோசித்து மட்டும் இதில் தீர்ப்பு சொல்ல முடியாது. எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

அனுபவமுள்ள டாக்டர்கள் கொடுத்துப் பார்த்துச் சொல்லக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. பிரிட்டனில் ஆக்ஸிஜன் தேவைப்பட்டு, ஆனால் வென்டிலேட்டர் வரை போகாத நோயாளிகளில், சிறப்பு மருந்து எதுவும் இல்லாமல் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 28 நாட்களில் இறந்தவர்கள் 26 சதவீதம். அப்படியானால் 74 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அந்த 74 பேருக்கும் நாம் ஒரு ஊசி போட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? ஊசி காப்பாற்றியது என்போம். சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்திருந்தாலும் 74 குடும்பங்கள் அதைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கும். இறந்துபோன 26 பேரைப் பற்றி, பாவம், முற்றிய நிலையில் வந்தார்கள் என்போம். நான்கில் மூன்று பேர் தானாகவே தேறும் நோயில் எந்த மருந்துக்கும் நல்ல பெயர் கிடைக்கும். டாக்டர் பொய் சொல்லவில்லை. அவர் கண் முன்னால் நடந்ததைத்தான் சொல்கிறார். மருந்து கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. யார் கண்ணுக்கும் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழிதான் உண்டு. ஒரே மாதிரியான நோயாளிகளை எடுத்துக்கொண்டு, யாருக்கு மருந்து, யாருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வது. டாக்டர் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேர்ந்தெடுத்தால் தெரிந்தோ தெரியாமலோ தேறுவார் என்று தோன்றுபவருக்கு மருந்தைக் கொடுத்துவிடுவார், அல்லது கை நழுவிப் போகிறவருக்குக் கொடுப்பார். இரண்டிலும் கணக்கு கெட்டுப்போகும். சீட்டுக்குப் பாரபட்சம் தெரியாது.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹார்பியும் மார்ட்டின் லாண்ட்ரேயும் 2020 மார்ச்சில் செய்தது இதைத்தான். 'ரெக்கவரி' என்று பெயர். மார்ச் 10ல் திட்டத்தின் முதல் வரைவு. மார்ச் 19ல் முதல் நோயாளி சேர்ந்துவிட்டார். ஒன்பதே நாட்கள். மற்ற சமயங்களில் மாதக்கணக்கில் நடக்கும் காரியம் இது. விண்ணப்பம் சுருக்கமானது. திணறிக்கொண்டிருக்கும் ஆஸ்பத்திரியில் களைத்துப்போன டாக்டர் சில நிமிடங்களில் நிரப்பும்படி இருந்தது. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் சொன்னது. 170க்கு மேற்பட்ட அரசு ஆஸ்பத்திரிகள் சேர்ந்தன.

ஜூன் 16ல் முதல் பெரிய விடை வந்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து புழக்கத்தில் இருக்கும், நம் ஊர் மருந்துக் கடைகளில் ஒரு நாளைக்குச் சில ரூபாய்க்குக் கிடைக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கிறது. தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாட்கள். மருந்து பெற்றவர்கள் 2,104 பேர். பெறாதவர்கள் 4,321 பேர். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் மருந்து பெறாதவர்கள் 41 சதவீதம் இறந்தார்கள், பெற்றவர்கள் 29 சதவீதம். எட்டுப் பேருக்குக் கொடுத்தால் ஒரு உயிர் மிச்சம். ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26 சதவீதம் 23 ஆகக் குறைந்தது.

செய்தியின் அடுத்த பாதியைத்தான் நாம் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஆக்ஸிஜனே தேவைப்படாத நோயாளிகளுக்கு இந்த மருந்தால் பலன் இல்லை. மருந்து பெறாதவர்களில் 14 சதவீதமும் பெற்றவர்களில் 17.8 சதவீதமும் இறந்தார்கள். தீங்கு நிச்சயம் என்று சொல்ல அந்த எண்ணிக்கை போதாது. ஆனால் நல்லது செய்யவில்லை என்பது தெளிவு. ஒரே மருந்து, ஒரே நோய். ஒரு கட்டத்தில் உயிர் காக்கிறது, இன்னொரு கட்டத்தில் கெடுதல் செய்யக்கூடும். முன்னே சொன்ன இரண்டு வாதங்களும் சரிதான், ஆளுக்கு ஒரு கட்டத்தில். யாருக்கு எப்போது என்று எல்லை பிரித்தது அந்த 6,425 பேரின் கணக்கு.

இனி நம் ஊருக்கு வருவோம்.

அதே 2020 ஜூலையில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இடோலிசுமாப் என்ற ஊசியைக் கொரோனாவால் நுரையீரல் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அவசரகாலக் கட்டுப்பாடுகளோடு பயன்படுத்த அனுமதித்தது. கியூபாவின் ஹவானாவில் உள்ள மூலக்கூறு நோய் எதிர்ப்பியல் மையத்தோடு சேர்ந்து பெங்களூர் பயோகான் கம்பெனி உருவாக்கிய மருந்து. 2013லிருந்து சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு விற்பனையில் இருந்தது. டி-அணுக்களின் மேலுள்ள சிடி-6 என்ற புரதத்தைப் பிடித்து அவற்றின் வேகத்தைக் குறைக்கும். யோசனையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அனுமதிக்கு ஆதாரமாக இருந்த சோதனை, மும்பையிலும் தில்லியிலும் 30 நோயாளிகளிடம் நடந்தது. 20 பேருக்கு மருந்து. 10 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மருந்து பெற்றவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. பெறாத 10 பேரில் மூன்று பேர் இறந்தார்கள்.

பூஜ்யத்துக்கு மூன்று. தலைப்புச் செய்திக்கு இது போதும். ஆனால் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மருந்துக்கு எந்தச் சக்தியும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த 30 பேரில் மூன்று பேர் எப்படியும் இறக்கப் போகிறவர்கள். சீட்டுக் குலுக்கலில் அந்த மூவருமே 10 பேர் கொண்ட சின்னக் குழுவில் போய் விழுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு மூன்று. அரிதுதான், நடக்காததல்ல. இப்போது மருந்து பெற்ற 20 பேரில் ஒரே ஒருவர் இறந்திருந்தார் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தம் நான்கு மரணம். அதில் மூன்றோ நான்கோ சின்னக் குழுவில் விழும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பதைத் தாண்டிவிடும். ஒரு கட்டிலில் ஒரு நோயாளியின் ஒரு ராத்திரி முடிவையே புரட்டிவிடும் என்றால், அதை முடிவு என்று எப்படிச் சொல்வது? அது ஒரு குறிப்பு. பெரிய சோதனை நடத்த ஒரு காரணம். அதற்கு மேல் இல்லை.

அந்தப் பெரிய சோதனையை அனுமதிக்கு முன் நடத்த வேண்டும் என்ற நிபந்தனை விலக்கப்பட்டது. மருந்து கடைக்கு வந்த பிறகு ஆய்வு செய்தால் போதும் என்றார்கள். அதே மாதம் மத்திய அரசின் நிபுணர் குழு, ஆதாரம் போதாது என்று சொல்லி, தேசியச் சிகிச்சை நெறிமுறையில் இந்த மருந்தைச் சேர்க்க மறுத்தது. ஒரு கை அனுமதி கொடுத்தது. இன்னொரு கை நெறிமுறையில் இடமில்லை என்றது. நடுவில் நின்றவர் கையில் பணத்தோடு நோயாளியின் மகன்.

டோசிலிசுமாபுக்கும் இங்கே ஒரு சோதனை நடந்தது. அதைப் பாராட்டித்தான் சொல்ல வேண்டும். 2020 மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, நோய் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், நாட்டின் 12 ஆஸ்பத்திரிகளில் 180 நோயாளிகள். முறையாகச் சீட்டுக் குலுக்கி நடத்தினார்கள், முடிவை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். நோய் முற்றியவர்களும் இறந்தவர்களும் மருந்து பெற்ற 91 பேரில் எட்டுப் பேர், பெறாத 88 பேரில் 11 பேர். 9 சதவீதம், 13 சதவீதம். பலன் நிரூபணமாகவில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் நேர்மையாக எழுதினார்கள்.

இப்போது இந்த எண்ணை ஆக்ஸ்போர்டின் எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்கள் எண்ணியது மரணத்தை மட்டும், நாம் நோய் முற்றுவதையும் சேர்த்து எண்ணினோம். நோயாளிகளின் நிலையும் வேறு. இருந்தாலும் இடைவெளியின் அளவைக் கவனியுங்கள். அங்கே இறுதிக் கணக்கில் 35க்கு 31. இங்கே 13க்கு 9. இரண்டிலும் நான்குதான். இங்கே அந்த நான்கு சதவீதம் என்பது மூன்று ஆட்கள். மூன்று ஆட்களைத் தற்செயல் விழுங்கிவிடும். அங்கே 4,116 பேர். மருந்து பெற்ற 2,022 பேரில் 621 மரணம், பெறாத 2,094 பேரில் 729 மரணம். வித்தியாசம் நூறு உயிருக்கு மேல். அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. நம் டாக்டர்களிடம் திறமையோ நேர்மையோ குறையவில்லை. குறைந்தது எண்ணிக்கை. நோயாளிகள் குறைவாக இருந்த நாடு அல்ல இது. 2020 டிசம்பரில் நம் கணக்கில் ஒரு கோடி கொரோனா நோயாளிகள் பதிவாகிவிட்டார்கள். அந்தக் கோடியில் ஒரு சிறு துளியைக் குலுக்கல் சீட்டில் சேர்த்திருந்தால், ஆக்ஸ்போர்டு சொல்லும் வரை காத்திருந்திருக்க வேண்டாம்.

முடியாத காரியம் என்று சொல்பவர்களுக்குப் பதில் நம்மிடமே இருக்கிறது. தேறியவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த பிளாஸ்மாவுக்காக ஃபேஸ்புக்கிலும் வாட்ஸப்பிலும் நாடு மன்றாடிக்கொண்டிருந்தபோது, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் அதைச் சோதித்தது. 39 ஆஸ்பத்திரிகள், 464 நோயாளிகள், 2020 ஏப்ரல் 22லிருந்து ஜூலை 14 வரை. நோய் முற்றியவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து பிளாஸ்மா பெற்றவர்களில் 19 சதவீதம், பெறாதவர்களில் 18 சதவீதம். பலன் இல்லை. உலகமே நம்பியதை நம் டாக்டர்கள் எண்ணிப் பார்த்து இல்லை என்றார்கள். பிறகு பிரிட்டனில் நடந்த பெரிய சோதனையும் அதையே சொன்னது. நமக்குப் பெருமை தரும் வேலை. ஆனால் அது வெளியானது 2020 அக்டோபரில். பிளாஸ்மாவை நெறிமுறையிலிருந்து நீக்கியது 2021 மே மாதம். இடையில் வந்தது இரண்டாவது அலை. அப்போதும் ஜனங்கள் பிளாஸ்மாவுக்கு ஓடினார்கள். கேள்வி கேட்டுப் பதிலையும் பெற்றுவிட்டு, அதை அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

ஸ்டீராய்டின் கதை இன்னும் சோகமானது. ஆக்ஸ்போர்டு முடிவு வந்த பதினோராவது நாளில், 2020 ஜூன் 27ல், மத்திய அரசு டெக்ஸாமெதசோனை நெறிமுறையில் சேர்த்துவிட்டது. மிதமான, தீவிரமான நோய்க்கு மட்டும் என்று தெளிவாகவே எழுதியது. ஆனால் மலிவான மாத்திரை. சீட்டே இல்லாமல் கிடைக்கும். வாட்ஸப்பில் சுற்றிய மருந்துப் பட்டியல்களில் அது இடம்பிடித்தது. காய்ச்சல் வந்த முதல் நாளே விழுங்கினார்கள். 2021 மே மாதம் தில்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரண்தீப் குலேரியா, ஆரம்ப நிலையில் ஸ்டீராய்டு எடுக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே எச்சரித்தார். கூடவே வந்தது கருப்புப் பூஞ்சை. கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய், அதற்கு மேல் தேவையில்லாத அல்லது மிதமிஞ்சிய ஸ்டீராய்டு. இரண்டும் சேர்ந்து பூஞ்சைக்குக் கதவைத் திறந்தன. ஜூன் மாதக் கடைசியில் அரசுக் கணக்குப்படி 40,000 பேருக்கு மேல் கருப்புப் பூஞ்சை. கண்ணை இழந்தவர்கள், தாடையை இழந்தவர்கள், உயிரை இழந்தவர்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கினால் என்ன ஆகும் என்று எதிர்வாதம் எச்சரித்ததே, அது நம் கண் முன்னால் நடந்தது. உயிர் காத்த மருந்தேதான் அது. யாருக்கு, எப்போது என்ற எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டது.

இனி, இதற்கு எதிராகச் சொல்லப்படும் இரண்டு நியாயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது: உயிருக்குப் போராடும்போது சீட்டுக் குலுக்குவது மனிதாபிமானமா? பாதிப் பேருக்கு மருந்தை மறுக்கலாமா? மருந்து நல்லது என்று தெரிந்திருந்தால் மறுப்பது பாவம்தான். தெரியாதபோது எந்தப் பாதி அதிர்டசாலி என்பதும் தெரியாது. ஆக்ஸிஜன் தேவைப்படாத நோயாளிகளில் ஸ்டீராய்டு கிடைக்காத பாதி எதையும் இழக்கவில்லை. பிளாஸ்மா கிடைக்காத பாதியும் எதையும் இழக்கவில்லை. மூட்டுவலிக்குக் கொடுக்கும் கோல்ச்சிசின் என்ற பழைய மாத்திரையை ரெக்கவரி 11,340 பேரிடம் சோதித்தது. கொடுத்த பக்கமும் 21 சதவீதம் மரணம், கொடுக்காத பக்கமும் 21 சதவீதம் மரணம். சோதிக்காமல் கொடுத்துப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். அதில் யாரும் எண்ணுவதில்லை, யாரும் கற்பதில்லை என்பதுதான் வித்தியாசம். கூடவே, செலவை நோயாளி தன் பையிலிருந்து கொடுக்கிறார்.

இரண்டாவது நியாயம் கனமானது. நம்மைச் சோதனை எலி ஆக்குகிறார்கள் என்ற பயம். இந்தப் பயம் மூடநம்பிக்கை அல்ல. ஆந்திரத்திலும் குஜராத்திலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வில், விடுதி மாணவிகளுக்காகப் பெற்றோர் இடத்தில் வார்டன்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டது வெளியே வந்து, 2010ல் ஆய்வு நிறுத்தப்பட்டது. கட்டுப்பாடில்லாத மருந்துச் சோதனைகளைப் பற்றி 2013ல் சுப்ரீம் கோர்ட் கடுமையாகப் பேசியது. அதற்குப் பிறகு சட்டம் இறுகியிருக்கிறது. 2009லிருந்தே சோதனைகளை அரசின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்வது கட்டாயம். எதை அளக்கப்போகிறோம் என்று முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். முடிவு வந்த பிறகு வசதியானதை எடுத்துக்கொள்ள முடியாது. 2019 விதிகள் சோதனையால் பாதிக்கப்பட்டவருக்கு இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு என்கின்றன. ஏட்டில் இருப்பது வார்டு வரை வருகிறதா என்று கண்காணிப்பது நம் வேலை. ஆனால் மோசமான சோதனைக்கு மருந்து நல்ல சோதனைதான். சோதனையே வேண்டாம் என்றால் மிஞ்சுவது கள்ளச் சந்தை.

என்ன செய்யலாம்? வீடு பற்றியெரியும்போது கிணறு வெட்டக் கூடாது என்பது பழைய பாடம். ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து 'ரீமேப்-கேப்' என்ற நிரந்தரச் சோதனை அமைப்பை நிமோனியாவுக்காகக் கொரோனாவுக்கு முன்பே கட்டிவைத்திருந்தன. தொற்று வந்தால் எப்படித் திருப்பிவிடுவது என்பதையும் சேர்த்தே எழுதிவைத்திருந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் டோசிலிசுமாப் உயிர் காக்கிறது என்று முதலில் சொன்னவர்களில் அவர்களும் உண்டு. நம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இப்படி ஒன்றைக் கட்ட முடியாதா? நம் தீவிர சிகிச்சை டாக்டர்கள் டென்மார்க், ஸ்வீடன், சுவிட்சர்லாந்து டாக்டர்களோடு சேர்ந்து, டெக்ஸாமெதசோனை இரட்டிப்பாகக் கொடுத்தால் நல்லதா என்று 1,000 நோயாளிகளிடம் சோதித்து 2021ல் முடிவை வெளியிட்டார்கள். திட்டவட்டமான கூடுதல் பலன் தெரியவில்லை. ஆள் இருக்கிறது, அறிவு இருக்கிறது. சுருக்கமான விண்ணப்பமும், முன்கூட்டியே கிடைத்த நன்னெறிக் குழு அனுமதியும், மாநிலங்களுக்கிடையே ஓர் ஒப்பந்தமும்தான் இல்லை.

இதற்கு அடுத்த தொற்று வரைக்கும் காத்திருக்க வேண்டியதும் இல்லை. சாதாரண நிமோனியா வருடம் முழுக்க வருகிறது. 2023ல் பிரான்ஸ் டாக்டர்கள், தீவிர நிமோனியாவோடு வந்த 800 பேரிடம் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற மலிவான ஸ்டீராய்டைச் சோதித்து வெளியிட்டார்கள். மருந்து பெறாதவர்களில் சுமார் 12 சதவீதம் இறந்தார்கள். பெற்றவர்களில் சுமார் 6 சதவீதம். மரணம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஆனால் அந்த நோயாளிகள் பிரான்ஸ் நாட்டின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்தவர்கள். நம் வார்டுகளில் காசநோய் கலந்திருக்கும். கண்டுபிடிக்காத சர்க்கரை நோய் கலந்திருக்கும். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே இரண்டு கடைகளில் வாங்கிப்போட்ட மாத்திரைகள் வயிற்றில் இருக்கும். அதே மருந்து இங்கேயும் பாதி உயிர்களைக் காக்குமா, அல்லது பூஞ்சைக்கும் காசநோய்க்கும் கதவு திறக்குமா? இந்தக் கேள்விக்கு ஆக்ஸ்போர்டும் பாரிஸும் பதில் சொல்ல முடியாது. நம் நோயாளிகளிடம் நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் யாருக்காவது விலையுயர்ந்த புதிய ஊசி எழுதிக் கொடுக்கப்பட்டால், டாக்டரிடம் பணிவாக மூன்று கேள்வி கேளுங்கள். இதை எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா? எங்கள் நோயாளி இப்போது இருக்கும் கட்டத்தில் இருந்தவர்கள் அதில் உண்டா? நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒருவேளை அவர், இது இன்னும் தெரியாத விஷயம், இங்கே ஒரு சோதனை நடக்கிறது, சேர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டால் பயந்து ஓடிவிடாதீர்கள். சம்மதப் படிவத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் கேட்டு வாங்கி, முழுக்கப் படியுங்கள். பதிவேட்டு எண், நஷ்டஈடு, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.